சுவரைப் பார்த்து மாட்டிய படம்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுச் சாமான்கள் செவ்வாய்க்கிழமை ஏலத்தில் போய்விட்டன. புல்தரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். மழை விடவேயில்லை. சாப்பாட்டு மேசையை டப்ளின்காரர் ஒருவர் எடுத்தார். வெள்ளிச் சாமான்கள் லண்டனுக்குப் போகின்றன. அப்பாவின் நாற்காலியை யாரும் கேட்கவில்லை.

உன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ நம் சமையல்காரி டிம்ப்னாவின் மகளைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய அன்று அப்பா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். அவர் போன பிறகும் நான் அதைத் தொடவில்லை. பட்டியல் எழுத வந்தவர் திருப்பிப் பார்த்து, "இது யாருங்க?" என்றார். "தெரியாது" என்றேன். இந்த வீட்டில் இருபத்தாறு வருடமாக உன்னைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. அவரும் 'பெயர் தெரியாத இளைஞர்' என்று அச்சடித்துவிட்டார்.

ஏலம் விடுபவர் அதைப் படித்ததும் பின்வரிசையிலிருந்து டிம்ப்னா எழுந்தாள்.

"யாருய்யா பேர் தெரியாதவன்? அது டெஸ்மண்ட், என் மாப்பிள்ளை! வேற எவனாவது ஏலம் கேட்டுப் பாருங்க, தெரியும்!"

எவனும் கேட்கவில்லை.

படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "என்ன மிஸ், அடையாளம் தெரியலையோ?" அவள் வண்டி வரைக்கும் படம் நனையாமல் குடை பிடித்தேன்.

ஞாயிறன்று அவள் வீட்டுக்குப் போய் அடுப்புக்கு மேலே ஆணி அடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் கோணல்தான். தேநீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "யாரு இது?" என்றாள். டிம்ப்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி" என்றேன்.

உன் அக்கா