மோதிரக்காரனுக்குப் போன அழுகை

பலெர்மோ
14.10.1997

அன்பு மகள் மொனிகாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை, அந்த மழைநாட்டில் நீயும் தடிமன் பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்று செபமாலையில் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன். உன்னோடு கோபமாக இருக்கிற நாளிலும் சொல்லத்தான் செய்கிறேன், இந்தக் கிழமை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

நீ பாரிசில் அச்சடிப்பித்த புத்தகம் விக்னராஜா அண்ணையின் கடைக்கு வந்து சேர்ந்தது. பல்லரோச் சந்தையில் மீன் வாங்குகிற எங்கள் சனம் திரும்பும்போது அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் அவரிடம்தானே ஏறும், அவர் புத்தகக் கட்டைத் தேங்காய்ச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்து, மரியமலரின் மகள் தான் வேலை செய்கிற அயர்லாந்து ஊரைப் பற்றிப் பகிடியாக ஒரு கதை எழுதியிருக்கிறாள், வாசித்தால் சிரித்தே வயிறு நோகும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். எனக்கு வந்த புழுகத்தைக் கேளாதே, கால் நிலத்தில் பாவவில்லை. முதல் பக்கத்தில் அப்பாவுக்கு என்று நீ போட்டிருந்ததை விரல் வைத்து வாசித்துக் கொஞ்சினேன். மிச்சத்தை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நத்தார்ப் பெருநாள் வந்துவிடும் என்று, ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவரே கடையைச் சாத்திவிட்டு உரத்து வாசித்தார். நான், சறோஜா, நாகபூசணி, அவளுடைய மனுசன், இன்னும் சிலர் அரிசிச் சாக்குகளில் குந்தியிருந்து கேட்டோம்.

சும்மா சொல்லக்கூடாது பிள்ளை, சனம் நன்றாக ரசித்தது. வேலிப் படலைக்குச் சண்டைபிடித்துக் கதை பேச்சில்லாத இரண்டு சகோதரர்கள் செத்தவீட்டில் பிரேதத்தைப் பார்த்துக் கதைப்பது போல ஒருவரையொருவர் திட்டுகிற இடத்தில், இது எங்கள் ஊர்ச் செத்தவீடு, வெள்ளை பூசியிருக்கிறாள் என்று நாகபூசணியின் மனுசன் சொன்னார். பிரேதம் ஆறமுந்தி வீட்டுத் திரைச்சீலை என்ன துணி என்று பார்க்க வருகிற பெண்டுகளைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரரும் இப்படியோ என்று நாகபூசணி வாயில் கைவைத்தாள். எல்லாரையும் விடக் கூடச் சிரித்தது நான்தான். அந்தப் பிரிஜிற் இருக்கிறாளே, சாராயக் கடைக்காரன் பெண்சாதி, ஊரில் ஒருவரையும் நக்கலடிக்காமல் விடாதவள், கறுப்புச் சட்டையை இரவல் வாங்கிவிட்டு இடுப்புப் பெரிதென்று கொடுத்தவளிடமே குறை சொல்பவள், அவளைக் கேட்டுக் கேட்டுக் கண்ணால் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு வாய்க்காரியை எங்கள் சனத்துக்குள் நான் கண்டதேயில்லை என்றேன். சறோஜா மட்டும், “வீட்டிலை கண்ணாடி இல்லையோ அக்கா” என்றாள். அதற்கும் சிரித்தேன் பார்.

பிறகு பிரிஜிற்றின் மனுசன் ஆசுப்பத்திரியில் செத்துப்போகிறான். அவள் வாசலிலேயே தலையைக் குனிந்து ஒப்பாரி வைத்துக் குழறிக்கொண்டு பிரேத அறைக்குள் ஓடிப் பெட்டியின் காலடியில் விழுகிறாள். விக்னராஜா அண்ணை வாசிப்பை நிறுத்தி, “வெள்ளைக்காரர் இப்பிடிக் குழறுறேல்லையே, லேஞ்சியாலை மூக்கைத் துடைக்கிறதோடை சரி” என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பிரேதத்தின் கையில் செபமாலையைச் சுற்றப் போனவள் விரலில் சிவப்புக்கல் மோதிரத்தைக் காண்கிறாள், எனக்குத் தெரியாமல் மோதிரமும் வாங்கிப் போட்டீங்களோ என்று இன்னும் பலமாகக் குழறுகிறாள். கடை முழுக்கச் சிரிப்பு, நாகபூசணி பக்கத்துச் சாக்கில் சாய்ந்துவிட்டாள். என் வாயில் இருந்த தேத்தண்ணீர் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சறோஜா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அப்பா போன அன்று நடந்ததை உனக்கு நான் மறுபடி சொல்லத் தேவையில்லை, என்னை விட வடிவாக நீ எழுதி வைத்திருக்கிறாய். ஆனாலும் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி ஒருமுறையாவது எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பெண்டுகள் செத்தவீட்டுக்குள் முகம் பார்த்து, விலாசம் பார்த்தா போகிறார்கள்? படலையில் தொடங்கின குழறல் காலடியில்தான் நிற்கும். இங்கே ஆசுப்பத்திரியில் பிரேத அறைகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்துக் கதவுகள், கண் நிறையத் தண்ணீரோடு நான் முதற் கதவால் ஓடினேன். பெட்டியில் கிடந்தவரின் முகத்தை இத்தாலிக்காரர் வலைத்துணியால் மூடியிருந்தார்கள். விரலில் கிடந்த சிவப்புக்கல் மோதிரம்தான் எனக்குத் தெரிந்தது, எனக்குச் சொல்லாமல் வாங்கினதோ என்று அதற்கும் ஏசிக் குழறினேன். விறைத்துப்போய் இருந்த அவருடைய சனமெல்லாம் என் குழறலைக் கேட்டு அழத்தொடங்கினார்கள், செத்தவரின் பெண்சாதி, ஒரு வயதான சிஞ்ஞோரா, என்னைக் கட்டிப்பிடித்தா. சறோஜாதான் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, “அக்கா, இது எங்கடை பெனடிக்ற் அண்ணை இல்லை” என்று காதுக்குள் சொன்னாள். அடுத்த அறைக்கு வந்தபோது எனக்குக் குரலும் இல்லை, கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. உன் கொப்பாவின் தலைமாட்டில் மரக்கட்டை போல இருந்தேன். அதிர்ச்சி என்று சனம் நினைத்தது.

இது சறோஜாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. பிறகு உனக்குத் தெரிந்தது. விசா கையில் இல்லாமல் நீ வரமுடியாமல் போனதால், போனில் நீ, “ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ அம்மா” என்று கேட்டாய், ஒன்றும் விடாமல் சொன்னேன். உன் பக்கம் சத்தமே இல்லை. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று அழுகிறாள் என்று நினைத்து, அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதியெடுக்க உனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எழுதினதைக் கூடப் பொறுப்பேன், நீ சேர்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மோதிரத்தைக் கண்டதும் பிரிஜிற்றுக்கு ஆள்மாறாட்டம் விளங்கிவிட்டதாம், ஆனாலும் அந்த வீட்டார் பிராண்டி ஊற்றிக்கொடுக்கிறார்கள் என்று விடாமல் குழறினாளாம், தன் மனுசனிடம் வந்து, உனக்கு அழுகிற அளவுக்கு நீ என்ன செய்தாய் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தாளாம். மொனிகா, எனக்கு விளங்கவில்லை. அந்த மோதிரத்தைக் கண்டு நான் ஏசினதும் கொப்பாவைத்தான். அந்த அறையில் நான் அழுத அழுகை முழுக்க அவருக்கு அழுதது, வேறொருவர் காலில் போய் விழுந்தது, அவ்வளவுதான். எங்கள் அழுகை அது.

அடுப்பில் சோறு கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். கதையின் பாதியில் எழும்பிப் போகிற ஆளா நான், அதிலேயே சனத்துக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மீன்காரனுக்கு முன்னால் வைத்து நாகபூசணியின் மனுசன், “மோதிரக்காரன் சுகமோ அக்கா” என்று கேட்டார். “ஓம், தனக்குப் பக்கத்திலை உமக்கு ஒரு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாராம்” என்றேன், மீன்காரனுக்குத் தமிழ் தெரியாது, அவனும் சேர்ந்து சிரித்தான். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து மீனை வெட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். வியா மக்வேதா வீதி முழுக்கக் கேட்கிற தொண்டை என்று சறோஜாவை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன், அவள் இத்தனை வருசமாய்த் தன் மனுசனுக்கும் வாய் திறக்கவில்லையாம். வயிற்றில் பிறந்த நீ அச்சடித்தாய்.

விக்னராஜா அண்ணை வீட்டுக்கு வந்து, தெரிந்திருந்தால் வாசித்திருக்க மாட்டேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மிச்சத்தைத் தாரும் என்று வாங்கி நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடை பூட்டின பிறகு பிரிஜிற் மனுசனுக்கென்று ஒரு கிளாசில் ஊற்றி எதிரே வைத்துவிட்டு, அவனோடு கொஞ்சநேரம் சண்டை கொழுவிவிட்டு, பிறகு தானே எடுத்துக் குடிக்கிறாளே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதை நான் உனக்குச் சொன்னதும் இல்லை, நீ கண்டதும் இல்லை. அதை எழுதத் தெரிந்தவளுக்கு மற்றதை ஏன் அப்படி எழுதவேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் அப்பாவின் ஐந்தாம் ஆண்டுப் பூசை. வருகிற சனம் பீடத்தைப் பார்க்காது, என் கண்ணைத்தான் பார்க்கும். அழுதால் புத்தகத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்பார்கள், அழாவிட்டால் புத்தகத்தில் உள்ளது சரி என்பார்கள். ஒவ்வொரு வருசமும் நான் பாட்டுக்குக் கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்து, பூ வாடல் என்று சறோஜாவோடு புறுபுறுத்துவிட்டு வருவேன், அதையும் கெடுத்துவிட்டாய். இப்போது உன்னிடம் விசா இருக்கிறது, சாட்டுச் சொல்லாதே. லீவு எடுத்து வா. வந்து எனக்குப் பக்கத்தில் இரு, சனம் உன்னைப் பார்க்கட்டும். கொப்பாவுக்கு நீ அழவேண்டியதை இன்னும் அழவில்லை, அதை எழுதி முடிக்கலாம் என்று நினைத்தாயாக்கும்.

புத்தகத்தின் பின்பக்கப் படத்தில் நன்றாக மெலிந்துபோனாய், நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் கிழடுகளுக்குத் தீத்துகிற சூப்பில் நீயும் கொஞ்சம் குடி. நனைந்த தலையோடு படுக்காதே.

இன்னுமொன்று. அன்று சறோஜா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வரும்போது, அந்தச் சிஞ்ஞோரா பின்னால் ஓடிவந்து, அந்த மோதிரத்தைப் பற்றி என் காதுக்குள் ஒரு விசயம் சொன்னா. சறோஜாவுக்கும் அது கேட்கவில்லை. நீ எழுதினது எல்லாவற்றையும் விடப் பகிடியான விசயம், நினைத்தால் நெஞ்சு அடைக்கிற விசயமும் அதுதான். போனில் சொல்லமாட்டேன், இதிலும் எழுதமாட்டேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, இரண்டு பேருமாய்ச் சோறு தின்னும்போது சொல்வேன்.

மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அவர் உன்னில் கோபித்ததே இல்லை. வரும்போது கம்பளிச் சட்டை கொண்டுவா. பேனையைக் கொண்டுவராதே.

இப்படிக்கு,
மோதிரக்காரனுக்கு அழுத உன் அம்மா,
பெ. மரியமலர்