என் படகின் பாரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

கேப்டன் போன் செய்தாள். வங்கியில் வேலை செய்கிறவள். எங்களை மேய்த்துக் கட்டுவதால் பள்ளிக்காலத்திலேயே வந்த பெயர். ஏரிப் பயணம் உறுதியாம். நான்கு நாள் கயாக் என்கிற துடுப்புப் படகில், காட்டுக் கரையில் கூடாரம். அவள், நான், பல் டாக்டர், நெட்டச்சி, அதே பள்ளிக்காலக் கூட்டம். ஒற்றைப் படகு இரண்டு, இரட்டைப் படகு ஒன்று.

"நீ இரட்டைல முன்னாடி உக்காந்துக்க. துடுப்பு போட வேணாம், சும்மா வேடிக்கை பாத்துட்டு வா."

நான் என்ன மூட்டையா? எனக்குத் தனிப் படகு, இல்லாவிட்டால் வரவில்லை என்றேன். பிறகு, "சரி, நாலும் ஒற்றையா மாத்துறேன்" என்றாள், ஏதோ ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற குரலில்.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் என் இடது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் கொண்டுபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மிச்சம் எட்டு இருக்கிறதே, அது யார் கண்ணிலும் படவில்லை. மேனேஜர் என்னை பில் எழுத உட்கார வைத்துவிட்டார். அக்கா காய் நறுக்க விடுவதில்லை. போதும்.

செப்டம்பர் 6, சனி

பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டித் துடைப்பக் கட்டையில் சுற்றினேன். ரப்பர் இருந்தால் மூன்று விரலுக்கும் பிடி வழுக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காற்றில் துடுப்புப் போட்டேன். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள்.

"கரை வந்துருச்சா?"

சிரிப்பு வந்து தொலைத்தது.

செப்டம்பர் 11, வியாழன்

"போய்த்தான் ஆகணுமா?" என்று அக்கா. போய்த்தான் ஆகணும்.

செப்டம்பர் 12, வெள்ளி

போனில் சிக்னல் போனது. நல்லதாகப் போயிற்று.

படகு வாடகைக்கு விடுபவர் சாமானைப் படகின் பின்பக்க அறையில் எப்படி அடுக்குவது என்று காட்டினார். "காலிப் படகைக் காத்து இழுத்துட்டுப் போயிரும். கனம் இருந்தாத்தான் சொன்ன பேச்சைக் கேக்கும்." மற்ற மூவரும் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கூடாரம், தண்ணீர்ப் பை, போர்வை எல்லாம் நானே அடுக்கினேன். ஓடை வழியாக மூன்று மணி நேரம். துடுப்பில் சுற்றிய ரப்பர் பிடி ஏமாற்றவில்லை. நெட்டச்சிக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். அவள் விளையாட்டு டீச்சர் என்பதை இங்கே அழுத்தி எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட கை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்று பெரிய ஏரியைக் கடக்க வேண்டும். காலையில் நான் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் என் படகில் சாமான் ஏற்றியாகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தண்ணீரில் இறக்கியும் விட்டார்கள். சரி, பாசம் என்று விட்டுவிட்டேன்.

நடு ஏரியில் காற்று கிளம்பியது. அவர்கள் மூவரும் நேராகப் போகிறார்கள். என் படகு மட்டும் மூக்கைத் திருப்பிக்கொண்டு வேறெங்கோ போகிறது. இடது பக்கம் இழுக்கிறேன், இழுக்கிறேன், கை மரத்துவிட்டது. கத்தினேன், காற்றில் யாருக்குக் கேட்கும்? அவர்கள் சொன்னது சரிதானோ? எட்டு விரலுக்கு இந்த ஆசை ஆகாதோ? அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

காற்று என்னை வேறொரு பக்கத்துக் கற்கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. தண்ணீர் எடுக்கப் பின் அறையைத் திறந்தேன். தண்ணீர்ப் பை இல்லை. கூடாரம் இல்லை. என் போர்வையும், உப்பிப்போன, தண்ணீர் புகாத என் பெரிய பையும்தான். பையின் வாயைத் திருகினேன் — புஸ்ஸென்று போயிற்று. உள்ளே வெறும் காற்று! என் பாரத்தைத் தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டு, இதை ஊதிக் கட்டி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியக் கூடாதென்று.

ஏன்டி இப்படிப் பண்ணீங்க? என் கையில ஒரு குறையும் இல்லடி. படகுலதான் ஒண்ணுமே இல்ல!

கரையில் கல்லுக்கா பஞ்சம்? தட்டையானதாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். உருளாதபடி போர்வையைத் திணித்தேன். காற்று கொஞ்சம் தணியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தள்ளினேன். படகு தண்ணீரில் அழுந்தி உட்கார்ந்தது. திருப்பினால் திரும்பியது. நேராக விட்டால் நேராகப் போனது. வாய்விட்டுச் சிரித்தேன், பார்க்க ஆளில்லை.

மூவரும் போய்ச்சேர வேண்டிய கரையில் விசில் ஊதிக்கொண்டு நின்றார்கள். கேப்டன் முகம் வெளிறிக் கிடந்தது. நான் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் காலடியில் வைத்தேன். பதினேழு.

"உன் நல்லதுக்குத்தான்டி செஞ்சோம்…"

"என் நல்லதுக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

என் கூடாரத்தைக் கேப்டன் படகிலிருந்து நானே எடுத்து, நானே அடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை முழுக்க ஆளுக்கொரு திசை. நெட்டச்சி இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள், இரண்டிலும் சர்க்கரை இல்லை. பிறகு பல் டாக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பல்லு புடுங்கும்போதுகூட வலிக்கும்னு சொல்லிட்டுத்தான் புடுங்குவேன். உன்கிட்ட சொல்லாம செஞ்சுட்டேன். பையை ஊதினது நான்தான்."

"நல்லா ஊதியிருந்த," என்றேன். கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கட்டும், நாளைக்கு வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

திரும்பும் நாள். ஏரியில் நேற்றைவிடக் காற்று. என் சாமானை யாரும் தொடவில்லை. நான் அடுக்கி முடித்து மூடப் போகும்போது கேப்டன் வந்தாள். கையில் அவளுடைய கூடாரம். தோள்பட்டை பிடித்துக்கொண்டதாம், ராத்திரியே தூங்கவில்லையாம். என் முகத்தைப் பார்க்காமல் படகைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை உன்னோடதுல ஏத்திக்கிறியா? என்னால முடியலடி."

நகர்த்தி இடம் பண்ணி வாங்கி வைத்தேன். நல்ல கனம்.