ஏணியில் தட்டும் சத்தம்

மட்டக்களப்பு,
11.08.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. நீங்களும் பட்டென்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிற நம் பக்கத்து வீட்டுத் தனோஜனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை இடையில் வைக்க ஏலாதே.

ஒரு புதினமான செய்தி. சிரிக்காமல் வாசியுங்கள். ஹோட்டலில் என்னைக் கடல்கன்னி ஆக்கப்போகிறார்கள். வாவிக்கரையில் சிலையாக இருக்கிறவளையே வெள்ளைக்காரர் வளைத்து வளைத்துப் படமெடுக்கிறார்கள், நமது நீச்சல் குளத்தில் உயிரோடு ஒருத்தி நீந்தினால் என்ன என்று மனேஜருக்கு யோசனை வந்திருக்கிறது. துணி துவைக்கிற பகுதியில் நீந்தத் தெரிந்தவர்கள் நானும் கஜானியும்தான். பழக்குவதற்கு டவுனிலிருந்து டினோஷா மிஸ் வருகிறா.

வால் நல்ல பச்சை. உள்ளே அகலமான ரப்பர் செட்டை ஒன்று இருக்கிறது, இரண்டு பாதத்தையும் அதற்குள் செருகவேண்டும். முதல் நாள் நீந்தவே விடவில்லை. விளிம்பில் இருந்து போடுவதும், தண்ணீருக்குள் வைத்துக் கழற்றுவதும்தான் பாடம். "போடுறது பெரிய காரியமில்ல, அவசரத்தில கழட்டத் தெரியவேணும்" என்கிறா மிஸ். மறுநாள் நீந்தப் போனால் என் முழங்கால் சொல்வழி கேட்கவில்லை. அதை மடிக்கக் கூடாதாம். பாய் உதறுகிறோமே, அதுபோல நெஞ்சில் தொடங்கி இடுப்பு வழியாக வால் நுனிவரை அசைவு போகவேண்டுமாம். நான் மூக்கால் குடித்த தண்ணீரை ஒரு வயல் வட்டைக்கே பாய்ச்சலாம்.

ஒரு சட்டம் இருக்கிறது. வாலோடு ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி கரையில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும். மேலே வரச் சொல்வதற்கு இரும்பு ஏணியில் தட்டுவாள். கல்யாணம் முடித்த புதிதில் நான் வாவியில் முங்கினால் நீங்கள் துடுப்பால் தோணி விளிம்பில் தட்டுவீங்களே, அச்சொட்டாக அதே சத்தம். நேற்று அதைக் கேட்டு மேலே வந்து பார்த்தால் கஜானி நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளத்து மருந்து கண்ணை எரிக்குது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேறு புதினம் இல்லை. சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மறவாத
சுலோ

———

டோஹா,
14.09.2024

அன்புள்ள சுலோவுக்கு,

கடிதமும் கருவாடும் கிடைத்தன. கருவாட்டை அறைக்காரர் முடித்துவிட்டார்கள். கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சிரிக்கவில்லை. நான் இங்கே பார்ப்பதும் அந்த வேலைதானே. விடிந்தால் குளத்தருகே உயரமான கதிரையில் ஏறி இருந்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாவியில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரில் கால் படுவதே இல்லை. விசில் ஊதுவதோடு சரி, கதைக்க ஆளில்லை.

ஒன்றை மனதில் வை. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுக்காதே. அப்படி இழுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று உடம்பு ஏமாந்துவிடும், உள்ளுக்குள்ளேயே மயங்கிப் போவாய். தண்ணீரில் மயங்குகிறவன் சத்தம் போடமாட்டான், கையடிக்கமாட்டான். பார்க்கிறவனுக்கு விளையாடுவது போலத்தான் இருக்கும். கரையில் ஆளில்லாமல் ஒருநாளும் இறங்காதே, புள்ள.

சித்திரையில் என் ஒப்பந்தம் முடிகிறது. அம்மன் சடங்குக்கு வந்துவிட ஆசைதான். ஆனால் எங்கே வருவது? வீடு உன்னுடையது. நான் ஊரில் நின்ற கடைசிச் சடங்கில், பந்தியில் வைத்து உன் அண்ணன் கனகசிங்கம் எல்லோருக்கும் முன்னால் என்ன சொன்னார்? "எங்கட ஊட்டில இரிக்கிற ஆள், நீ கதைக்காத." நீ கறிச்சட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோணியைக் கவிழ்த்து ஓலை போட்டு மூடிவை. வெயிலுக்கு வெடித்துவிடும்.

அன்புடன்
உதயரூபன்

———

மட்டக்களப்பு,
02.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

மழை விட்டபாடில்லை. தோணி பத்திரமாக இருக்கிறது, புது ஓலை போட்டிருக்கிறேன்.

வீடு என் பேரில் இருப்பது நான் செய்த குற்றமா? நம் ஊரில் எந்த வீடு ஆம்பிளை பேரில் இருக்கிறது? அண்ணனே மதினியின் வீட்டில்தான் இருக்கிறார். "நீங்க ஆர்ர ஊட்டில இரிக்கீங்க அண்ணன்?" என்று அந்தப் பந்தியிலேயே கேட்டேன். சோறு விக்கி அவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. நீங்கள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் படலையைத் தாண்டிவிட்டீர்கள். கொஞ்சம் நின்றிருந்தால் கேட்டிருப்பீர்கள். போனில் சொல்ல வந்தாலும் அண்ணன் பேரை எடுத்ததும் வைத்துவிடுகிறீர்கள்.

நீச்சல் இப்போது பிடிபட்டுவிட்டது. ஒரு அசைவில் குளத்தின் பாதிவரை போகிறேன். அவ்வளவு எடையுள்ள வால் தண்ணீருக்குள் இருப்பதே தெரிவதில்லை. வெளியே வந்தால்தான் பாடு, நிற்கவும் ஏலாது, நடக்கவும் ஏலாது. ஒருவர் கைகொடுத்துத் தூக்கவேண்டும்.

அதில்தான் இப்போது சிக்கல். கஜானிக்குச் சைப்பிரஸில் வேலை சரிவந்து போய்விட்டாள். "கரையில ஆளில்லாட்டி வாலும் இல்ல" என்று மிஸ் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டா. வைகாசியில் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள், அதற்குள் ஆள் வேண்டும். குளத்தைப் பார்க்க ஒருவரை எடுக்கப் போகிறார்கள். நான் வெட்கத்தை விட்டு மனேஜரிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீங்கள் வரும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

வாங்க மச்சான். அங்கே நிற்கிறதை இங்கே வந்து நில்லுங்கள். எனக்குத் தனியே இருந்து அலுத்துவிட்டது. வேலை விட்டு வந்தால் கதைக்க ஒரு குருவி இல்லை. றேடியோவைப் போட்டுவிட்டு, அதில் ஆட்கள் கதைப்பதற்கு நான் மறுமொழி சொல்லிக்கொண்டு சமைக்கிறேன். நேற்று உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன்.

எதிர்பார்த்திருக்கும்
உங்கள் சுலோ

———

டோஹா,
20.02.2025

அன்புள்ள சுலோவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

நீ அண்ணனிடம் கேட்டதை இப்போதுதான் அறிகிறேன். கேட்டது சந்தோசம். ஆனாலும் யோசித்துப் பார். உன் வீட்டில் இருப்பு, உன் சிபாரிசில் வேலை. இதையும் சேர்த்துக் கதைக்க ஊருக்கு வாயா இல்லை? இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். ஊர் இதையெல்லாம் மறந்த பிறகு தலை நிமிர்ந்து வாறன்.

கோபிக்காதே. மிஸ்ஸிடம் சொல்லி வேறு ஆளைப் பிடி. ஏணியில் தட்ட யாருக்கும் தெரியும்தானே. தோணி கவனம்.

அன்புடன்
உதயரூபன்

———

மட்டக்களப்பு,
15.06.2025

மச்சானுக்கு,

நான் சுகம். சடங்கு நல்லபடி முடிந்தது. அண்ணன் உங்களை விசாரித்தார். வரமாட்டார் என்று சொன்னேன்.

நீங்கள் சொன்னபடி வேறு ஆளைப் பிடித்தாயிற்று. ஹோட்டலில் வாசல் மேசையில் இருக்கிற ஏறாவூர்ப் பிள்ளை ஸுஹைனா. அவளுக்கு நீந்தத் தெரியாது. இதற்கென்றே மிஸ்ஸிடம் வந்து தண்ணீருக்குப் பயந்து பயந்து பழகினாள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "நீங்க ஒவ்வொரு நாளும் பூட்டின பெட்டியப் பாத்துட்டுப் போறீங்க அக்கா. எனக்கு அது ஏலாமக் கிடக்கு" என்றாள்.

நேற்று முதல் காட்சி. குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள். தண்ணீருக்குள் போனதும் அவர்கள் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. நான் அடிவரை போய்ப் புரண்டு வந்தேன், முழங்கால் மடங்கவே இல்லை. அப்போது ஏணியில் தட்டினாள். பழக்கதோஷம், உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டுதான் மேலே வந்தேன். ஸுஹைனா குந்தி இருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிடித்து ஏறினேன். ஏணியில் தட்ட யாருக்கும் தெரியும் என்று எழுதினீர்கள். ஓம், தெரியும். நிற்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அவளும் நானும் அந்த ஈரத்தோடேயே தேத்தண்ணி குடித்தோம்.

தோணி ஓலைக்கடியில் உக்கத் தொடங்கிவிட்டது. தனோஜனின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், துடுப்பையும்தான். விடிய வெள்ளென வாவியில் இறக்கிவிட்டான்.

இனிக் கடிதம் எழுத எனக்கு நேரம் கிடைக்காது. உங்கள் குளத்துப் பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மயங்குகிறவன் சத்தம் போடமாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். நான் சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டேன்.

சுலோஜனா