அணிமா பௌதியின் இடது பக்கம்

பிப்ரவரி 3

தை மாதச் சரஸ்வதி பூஜை முடிந்து எங்கள் சிலைப் பட்டறை காலி. நான் போகும் மாலை ஓவிய வகுப்பில், ஒரு பெண்ணின் முகத்தை மையால் உள்ளது உள்ளபடி வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பென்சிலைத் தொடக்கூடாது.

"என்னை வரையேன்டி ரூனு," என்றாள் அணிமா பௌதி, என் அண்ணன் மனைவி. போன ஆகஸ்ட் மழையில் வாதம் வந்து அவள் முகத்தின் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றே முகம் பார்க்கும் கண்ணாடியை அலமாரிக்குள் பூட்டிவிட்டாள். வீட்டைவிட்டு இறங்கி, சிலை செய்கிறவர்கள் வாழும் எங்கள் குமார்டுலி சந்தில் அவள் கால் வைத்தே ஆறு மாதம் ஆகிறது. அவளாகக் கேட்டாளே!

பிப்ரவரி 5

வரைந்தேன். பார்த்துவிட்டு, "யாருடி இவ? கங்கையில எப்போ கரைக்கப் போறீங்க?" என்றாள்.

காதுவரை நீண்ட கண், நேரான உதடு. பதினொரு வருடம் துர்க்கைக்கு முகம் எழுதிய கை பௌதியையும் துர்க்கையாக்கிவிட்டது! சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நீயும் மறைக்கிறியா?"



பிப்ரவரி 6

இன்னும் இரண்டு தாள். இரண்டிலும் அம்மன்தான். சனியன் பிடித்த கை.

பிப்ரவரி 8

நான் முதலில் தூரிகை எடுத்தபோது பட்டறையை நடத்தும் சித்தப்பா குதித்தார் — பொம்பளை அம்மன் முகத்தைத் தொடுவதா என்று. அப்போது பௌதி புதுப்பெண். "அப்போ பொம்பளை சமைச்சதையும் தொடாதீங்க," என்று அடுப்பை அணைத்துவிட்டாள். இரண்டு நாள்! மூன்றாம் நாள் சித்தப்பாவே தூரிகையை என்னிடம் நீட்டினார்.

என் பிழைப்பே அவள் கொடுத்தது. அவள் முகத்திலேயே பொய் எழுதுவேனா நான்?

பிப்ரவரி 11

நாங்கள் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், மகாளயத்தன்று. இன்று கண்ணிலேயே தொடங்கினேன், சரியாக மூடாத அந்த இடது கண்ணில். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடாக. கோணிய வாய், தொங்கிய கன்னம் எல்லாம்.

பௌதி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இப்படியா இருக்கேன்?"

"ஆமா பௌதி."

"நான் பயந்த அளவுக்கு மோசமில்லையே!"

கட்டிக்கொண்டு அழுதேன். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு. நான் கொடுத்து வைத்தவள்.

பிப்ரவரி 14

காலையில் வீட்டில் பௌதியைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். சந்து முனையில், முகத்தை மூடும் முந்தானை தோளில் கிடக்க, மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள்:

"என் மூஞ்சியில என்னடா பார்வை? தராசைப் பாரு!"