இரண்டு மீட்டருக்குக் கீழே

இன்று காலை நம் ஓசூர் அலுவலகத்தில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. அஞ்செட்டிக் காட்டின் உயர வரைபடத்தில் இரண்டு மீட்டருக்குக் கீழே நிற்கும் எதுவும் இனி மரமாகக் கருதப்படாது. ஒன்றரை போதும் என்றவர்களும் மூன்று வேண்டும் என்றவர்களும் மசால் வடை வரும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. வடை வந்தது, இரண்டு என்று முடிந்தது. கைதட்டினோம். உன் நாற்காலியில் யாரோ குடையை வைத்திருந்தார்கள்.

அந்த முடிவால் நீயும் அழிந்துபோவாய் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ட்ரோன் பறந்த நாள் நினைவிருக்கிறதா? லேசர் மேலிருந்து விழுந்து, இலையில் பட்டதையும் தரையில் பட்டதையும் புள்ளி புள்ளியாகத் திருப்பிச் சொல்லும். ட்ரோன் போகாத மிச்சக் காட்டின் உயரத்தைச் செயற்கைக்கோள் ரேடாரை வைத்து ஊகிப்போம். மனிதர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாறைவெளியில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். நீ ஒதுங்கவில்லை. துணியை ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது.

"எலேய், வெளிய வாடே. ட்ரோன் மேல வந்துட்டு" என்று வாக்கி டாக்கியில் கத்தினேன்.

"இரு அண்ணாச்சி. பாதித் துணிய முழுங்கிட்டா. தமிழ்ல சொன்னா கேக்க மாட்டேங்கறா. கன்னடத்துல சொல்லிப் பாக்கறேன்."

கோவில்பட்டிக்காரன் என்பதால் நான் உனக்கு அண்ணாச்சி. காவேரிப்பட்டினத்தில் பிறந்த உனக்கு மூன்று மொழிகளில் சண்டை போடத் தெரியும். "ஹோகம்மா, ஹோகு" என்று நீ கையை ஓங்கிய நேரத்தில் ட்ரோன் உன்னைக் கடந்தது. திரையில் நீ ஒரு புதர், மாடு இன்னொரு புதர். நீக்கிவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் விடு. காட்டுக்குப் போனதுக்கு அத்தாட்சி வேணாமா?" என்றாய்.

யானைப் பாதையில் காற்றின் திசை பார்த்து நடந்தவன் நீ. சூளகிரியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடந்தபோது லாரி அடித்துச் செத்தாய். செய்தித்தாளில் 'வாலிபர் பலி' என்று போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த அந்தப் பட்டம் உனக்குப் பிடித்திருக்கும். காட்டுவதற்கு நீதான் இல்லை.

உன் ஷூவையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக மஞ்சுளா வந்திருந்தாள். "அவரு காட்டுல நிக்கற போட்டோ எதாச்சும் இருக்குதாண்ணா?" என்று கேட்டாள். இல்லை. படம் எடுத்தவன் நீ என்பதால் எங்களிடம் இருப்பதெல்லாம் மரங்கள். வேறு வழி தெரியாமல் அந்தப் புள்ளிகளைத் திரையில் திறந்து காட்டினேன்.

உன் மனைவி நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். "கையத் தூக்கிட்டு யாரத் திட்டறாரு?"

"மாட்டை."

"அதுவாச்சும் கேட்டுச்சா?" என்றாள். அதன்பின் நெடுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒப்பந்தப்படி அந்தப் புள்ளிகளை நாளை ஒப்படைத்துவிட்டு நம்மிடம் உள்ளதை அழித்துவிட வேண்டும். மிஞ்சப்போவது வரைபடம் மட்டும். அதனால்தான் காலையில் கூட்டத்தில் பேச எழுந்தேன். என்னவென்று கேட்பது? காலமான ஊழியர் ஒருவரைப் புதராக வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றா? உட்கார்ந்து இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன். வடை நன்றாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் சாலையில் மாடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, "ஹோகம்மா, ஹோகு" என்கிறேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மாடு நகர்கிறது.

மதியம், சொன்னபடி, இரண்டு மீட்டருக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீக்கினேன். மாடு போய்விட்டது. பாறைவெளியின் நடுவில், இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரம் இருக்கிறது.