பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பெயர்

மகளுக்கு,

கோழி ஆலைப் பெண்கள் தொழிற்சங்கம் தொடங்க என் வீட்டில் கூடினார்கள். அலபாமாவில் அது சாத்தானை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். உன் கணவர் அங்கே மேலாளர் என்பதால், உன்னிடம் ஜெபமாலைக் கூட்டம் என்றேன். கன்னியர் மடத்தில் படித்த எனக்கு அந்தப் பொய் எளிதாக வரவில்லை.

அவர்கள் போன பிறகு நீ வந்தாய். "இந்த மூட்டுவலிக் கையை வச்சுக்கிட்டு நீ ஏம்மா கழுவுற? தள்ளு" என்று, அவர்கள் சாப்பாடு கொண்டுவந்து விட்டுப்போன பாத்திரங்களை நீயே கழுவிக் கவிழ்த்தாய். உன்னை நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாறிப்போகாமல் இருக்க, இந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொன்றின் அடியிலும் கொண்டுவந்தவள் பெயர் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை எர்லீன், வெர்டெல், ஓபல் மூவருக்கும் வேலை போயிற்று. சோளரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த ஒடெசாவுக்கு மட்டும் போகவில்லை.

"நான்தான் காட்டிக்குடுத்தேன்னு எர்லீன் என் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டா, மேடம்" என்று என் வாசலில் நின்று அழுதாள்.

நால்வரையும் நாளை அழைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு நீ கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரம் இங்கேதான் இருக்கிறது. அதை மேசை நடுவில் கவிழ்த்து வைப்பேன். உன் பெயரை அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா