கூடத்தில் இருமிய பெரியப்பா

அன்பு மகள் பெய்ரோங்குக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், மனசுதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. நீயோ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன்னோடு அவசரப் பிரிவில் பயிற்சி எடுக்கும் அந்தப் பெண் சூ, "ஆன்ட்டி, அவ ஷிப்ட் மேல ஷிப்ட் பாக்கறா, ஒரு வாய் நூடுல்ஸ் இறங்கல, டாக்டர் வேலையே வேண்டாங்கறா" என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனுஷன் எத்தனை அதிர்ச்சியைத்தான் தாங்குவான்?

அன்றைக்கு நடந்ததை நீ அரையும் குறையுமாகத்தான் கேட்டாய். பெரியப்பா பூண்டு காயும் களத்தில் விழுந்ததும் டவுன் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் போட்டார்கள், மறுநாள் கையை விரித்துவிட்டார்கள், தலைக்குள் எடுத்த படங்களை உனக்கு அனுப்பினேன், நீயும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா" என்றாய். வீட்டுக்கு வெளியே உயிர் போய்விட்டால் நம் ஊர் வழக்கப்படி உடலை வாசலுக்குள் விடமாட்டார்களே, அதனால் பெரியம்மா பறந்தாள். ஆம்புலன்சில் ஒரு ஆள் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர, பெரியப்பா மகன், உன் அண்ணன் சிஹாவ், உயிர் வழி தவறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு பாலத்திலும் "அப்பா, பாலம் வருது, பயப்படாம கூடவே வாங்க" என்று அழுதான். கூடத்தில் பலகை போட்டு, சாவு சாமி கண்ணில் படாதிருக்க மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடி, சாவுக்கான புதுச் சட்டையும் அவருக்கு மாட்டினோம். குழாயை எடுத்தார்கள், ஆம்புலன்சும் கிளம்பிவிட்டது. எல்லோரும் மண்டியிட்டோம். பெரியப்பா இருமினார்.

பெய்ரோங், கூடமே கலைந்துவிட்டது. அத்தையின் மாப்பிள்ளை, அவ்வளவு பெரிய ஆள், வேலியைத் தாண்டி ஓடினான். பெரியப்பாவின் தொண்டையில் களகளவென்று சத்தம், வாயோரம் நுரை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உனக்குப் போன் போட்டேன். நீ எந்த நோயாளியிடம் நின்றிருந்தாயோ, "அப்பா, அழுகைய நிறுத்துங்க, ஒருக்களிச்சுத் திருப்புங்க, வாயை வழிச்சு விடுங்க, ஆம்புலன்ஸைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க, போனை வைக்காதீங்க" என்று அதட்டினாய். நானும் அப்படியே செய்தேன், ஆம்புலன்சும் திரும்பி வந்தது. இன்றைக்குப் பெரியப்பா வலது கை வராமல், இடது கையால் சர்க்கரைவள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டு, ஊறுகாய் எங்கே என்று பெரியம்மா மேல் எரிந்து விழுகிறார்.

பெரியம்மா உன்னைத் திட்டினாள், மறைக்க மாட்டேன். "படிச்ச பொண்ணு சொல்லுச்சேன்னு உசுரோட இருக்கற மனுஷனுக்குச் சாவுச் சட்டை மாட்டினேனே" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். மயக்க மருந்து இறங்கும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கணும் என்று நீயே அழுதாய். பிசகுதான், டவுன் டாக்டர்களும் அதே பிசகைச் செய்தார்கள், நான் பூசி மெழுகப் போவதில்லை. இப்போது அவளே இறங்கி வந்து, "அவளை நேர்ல வரச் சொல்லு, நாலு அறை விட்டுட்டு நானே சோறு போடறேன்" என்கிறாள். லீவு கேட்டு வந்து அந்த அறையை வாங்கிக்கொண்டு போ. ஆனால் வேலையை விடாதே அம்மா. நீ சொன்னதை நம்பித்தான் அவரைச் சாகக் கொண்டுவந்தேன், நீ சொன்னதை நம்பித்தான் ஒருக்களித்துத் திருப்பினேன். நீ விட்டுவிட்டால், இன்னொரு நாள் இந்த வீட்டில் ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது நான் யாருக்குப் போன் போடுவேன்?

நம் தெய்வம் கடல் தாய் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். வயிறாரச் சாப்பிடு, இன்று அம்மா கூப்பிட்டால் எடு.

உன்னை இப்போதும் நம்பும்,
அப்பா லின் குவோசுவான்